புறங்கை வீதி

முன்னே ஒரு காலத்தில், மாடு பூட்டிக் கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்த காலத்தில், தொரட்டிப்பாளையம் என்று ஓர் ஊர் இருந்ததாம். ஊர் இப்போதும் இருக்கிறது. கவலைதான் இல்லை.

அந்த ஊரில் இரண்டு தெரு. மேலத்தெரு ஒன்று, கீழத்தெரு ஒன்று. காடும் தோட்டமும் உள்ளவர்கள் மேலத்தெருவில் இருந்தார்கள். அந்தக் காட்டிலும் தோட்டத்திலும் பாடுபட்டவர்கள் கீழத்தெருவில் இருந்தார்கள். கீழத்தெருவைச் சுற்றி மூன்று பக்கமும் பாறைக்குழி. நாலாவது பக்கம் மேலத்தெரு. ஆடு மேய்க்கப் போக, சந்தைக்குப் போக, வைத்தியரிடம் போக, எதற்கும் மேலத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். கீழத்தெருவுக்கென்று சொந்தமாக ஒரே ஒரு தடம் இருந்ததாம். அது பாறைக்குழியைச் சுற்றிப் போய் இடுகாட்டில் முடிந்துவிடும்.

மேலத்தெருவில் கீழத்தெருக்காரர் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. போடவும் கூடாது, கையில் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. சித்திரை மாதத்து உச்சி வெயிலில் அந்த மண் கடலை வறுக்கிற மணல் மாதிரி கொதிக்குமாம். செருப்புப் போட்டவர்களுக்கு அது வெறும் தெரு. போடாதவர்களுக்கு அது நூற்றுப் பத்து எட்டு. ஒவ்வோர் எட்டையும் எண்ணி வைத்திருந்தார்கள்.

கீழத்தெருவில் ரங்கான் என்று ஒருவர் இருந்தாராம். செருப்புத் தைக்கிறவர். மேலத்தெருக் கால்கள் அத்தனைக்கும் அவர்தான் தைத்தார். கவலைக்குத் தண்ணீர் கொட்டுகிற தோல் வாலும் அவர்தான் தைத்தார். அவர் தைத்த தோல் வழியாக ஏறி வந்த தண்ணீரை மேலத்தெரு குடிக்கும். அவர் மட்டும் தொடக் கூடாது. தண்ணீரையும் தொடக் கூடாது, செருப்புக் கேட்கிறவர் காலையும் தொடக் கூடாது.

காலைத் தொடாமல் எப்படிச் செருப்புத் தைப்பது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

குளத்து வண்டல் மண்ணைச் சலித்து ஒரு முறத்தில் கொண்டுபோவாராம். தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் மட்டமாகத் தடவி, மேலத்தெரு முனையில் வைப்பாராம். வைத்துவிட்டு ஏழெட்டு எட்டு பின்னால் போய் நிற்பாராம். செருப்பு வேண்டியவர் வந்து முறத்தில் ஒரு மிதி மிதித்துவிட்டுப் போவார். அவர் போன பிறகு ரங்கான் கிட்டே வந்து உட்கார்ந்து, ஈர்க்குச்சி வைத்து அந்தத் தடத்தை அளப்பாராம். நீளம் ஒரு ஈர்க்கு, அகலம் ஒரு ஈர்க்கு, பெருவிரலுக்கு ஒரு துண்டு ஈர்க்கு. அவ்வளவுதான். ஒருவர் காலைக்கூடத் தொட்டதில்லை. ஒருவர் செருப்புக்கூடக் கடித்ததில்லை.

இப்படி முப்பது வருசம் மண்ணைப் பார்த்துப் பார்த்து, அவருக்கு ஒரு கண் வந்துவிட்டதாம். தடத்தைப் பார்த்தால் ஆளைச் சொல்வார். எடை சொல்வார், வயசு சொல்வார், சுமையோடு போனாரா, கோபத்தோடு போனாரா என்றுகூடச் சொல்வார். ஒரு தடவை பெரிய பண்ணாடி வீட்டுக் காளை களவு போய்விட்டது. பண்ணாடி என்றால் அந்தப் பக்கத்தில் நிலக்காரர். அவர் பேர் நல்லமுத்துப் பண்ணாடி. தொழுவத்து மண்ணைப் பார்த்துவிட்டு ரங்கான் சொன்னாராம்:

"வந்த ஆளுக்கு இடது கால்ல சுண்டுவிரல் இல்லீங்க சாமி. மேக்கால போயிருக்கான். ரெண்டு எடத்துல ஒக்காந்து பீடி குடிச்சிருக்கான். ஓடற அவசரம் இல்ல. பழகின ஆளுங்க."

மறுநாளே காளை கிடைத்ததாம். சுண்டுவிரல் இல்லாதவனும் கிடைத்தானாம்.

இதில் ஒன்று கவனியுங்கள். ரங்கான் தடம் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் மேலத்தெரு வாயை மூடிக்கொண்டு அவர் வாயைப் பார்க்கும். மற்ற நாளெல்லாம் "டேய் ரங்கா, தள்ளி நில்லுடா." அந்த நேரம் மட்டும் "சொல்லு ரங்கா, மேல சொல்லு." அவருக்கு அதில் ஓர் ஆசை இருந்ததாம். இருக்காதா? மனுசன்தானே.

ரங்கானுக்கு ஒரே மகள். வெள்ளச்சி என்று பேர். எட்டு வயசு. பண்ணாடி வீட்டு ஆடுகளை அவள்தான் மேய்த்தாள். காலையில் ஓட்டிக்கொண்டு போய், உச்சி வெயில் ஏறும்போது தண்ணீர் காட்டித் தொழுவத்தில் அடைத்துவிட்டு, மேலத்தெரு வழியாக வீட்டுக்கு ஓடிவருவாள். நூற்றுப் பத்து எட்டையும் எழுபதில் தாண்டிவிடுவாளாம். அவ்வளவு எட்டி எட்டி ஓடுவாள்.

அந்தச் சித்திரையில் ஒரு வேலமுள் அவள் வலது குதிகாலில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. ரங்கான் மகளை மடியில் போட்டுக்கொண்டு, குத்தூசி முனையால் நெம்பி முள்ளை எடுத்தாராம். எடுத்த இடத்தில் எருக்கம்பால் வைத்துக் கட்டினார்.

"குதி ஊனாதே அம்மிணி. வெளியோரமா நட. நாலு நாளைக்கு."

"ஆடு நாலு நாளைக்குப் பட்டினி கெடக்குமாப்பா?"

"வாயப் பாரு இவளுக்கு" என்று அவள் அம்மா நாச்சாயி சிரித்தாளாம்.

மறுநாளிலிருந்து அவள் நொண்டி நொண்டித்தான் ஆட்டுக்குப் போனாள். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் மேலத்தெருவிலிருந்து ஆள் வந்ததாம்.

"ரங்கா, பண்ணாடி வரச் சொன்னாரு. தடம் பாக்கோணுமாம்."

ரங்கான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். மேலத்தெருவில் கூட்டம். தெரு நடுவில் நாலைந்து தடத்தின் மேல் கூடைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், காற்றில் அழியாமல் இருக்க. பண்ணாடி முகம் செத்துப்போய் இருந்ததாம். பண்ணாடி வீட்டுக் காரியம் பார்க்கிற செங்கோடன்தான் பேசினான்.

"சின்னப்புள்ளை செருப்புத் தடம் ஒண்ணு தொழுவத்துல பொறப்பட்டுக் கீழத்தெரு எல்லைப் பாறை வரைக்கும் போயிருக்கு. பாறைக்கு அப்பால தெரியல. மேலத்தெருப் புள்ளை கீழத்தெருவுக்குப் போயிருந்தா அது ஒரு கதை, அதை நாங்க வீட்டுக்குள்ள பாத்துக்கறோம். கீழத்தெரு ஆளு செருப்புப் போட்டு நடந்திருந்தா, நாளைக்கு உச்சியில அந்தச் செருப்பைத் தலையில வெச்சுக்கிட்டு, வெறுங்காலோட இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கோணும். ஓடக் கூடாது. நான் 'ம்'ன்னு சொன்னாத்தான் அடுத்த எட்டு. இது ஊர்க் கட்டுப்பாடு. பாத்துச் சொல்லு."

ரங்கான் உட்கார்ந்தாராம். முதல் கூடையை எடுத்தாராம். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, தன் தையல். பண்ணாடிக்குத் தெய்வானை என்று எட்டு வயசில் ஒரு மகள். அவளுக்குப் போன தை மாசம் தைத்துக் கொடுத்த செருப்பு.

இப்போது பண்ணாடி முகம் ஏன் செத்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. தன் மகள்தான் கீழத்தெருப் பக்கம் போய்விட்டாளோ என்று பயப்படுகிறார். ரங்கானுக்குப் பாவமாக இருந்ததாம். அவரும் ஒரு மகளைப் பெற்றவர்தானே. நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுவோம் என்று நினைத்தாராம்.

"செருப்பு சின்னம்மாவோடதுங்க சாமி. நான் தச்சது. ஆனா பயப்படாதீங்க. உள்ள இருந்த கால் சின்னம்மா கால் இல்லீங்க."

பண்ணாடி மூச்சு விட்டது எல்லாருக்கும் கேட்டதாம்.

"எப்படிச் சொல்ற?"

"சின்னம்மா பெருவெரலை அழுத்தி நடப்பாங்க. முறத்துலயே அது குழியா விழும். இது வெரலை அழுத்தல."

"மேல சொல்லு."

தெரு வாயை மூடிக்கொண்டது. ரங்கான் இரண்டாவது கூடையை எடுத்தாராம். மூன்றாவது கூடையை எடுத்தாராம். கண் தடத்தில் இருந்தது, வாய் தானாகப் பேசியது.

"வயசு எட்டு இருக்கும். எடை கம்மி. எட்டி எட்டி வைக்கிற பழக்கம் உள்ள கால். ஆனா இன்னிக்கு எட்டல."

"மேல சொல்லு ரங்கா."

"இடது கால் பூராப் பதியுது. வலது கால் குதி பதியவே இல்ல. வெளியோரமா ஊனி நடந்திருக்கு. குதியில புண்ணுங்க. முள்ளேறின புண்ணு. முள்ளை எடுத்து மூணு நாளு..."

அவ்வளவுதான். வாய் நின்றுவிட்டது.

வாய் முன்னே போய்விட்டது, மனசு பின்னே வந்து சேர்ந்தது. அப்படித்தான் சொல்கிறார்கள்.

"மூணு நாளு? மேல?"

"தெரியலீங்க சாமி."

"என்னடா தெரியல? இவ்வளவு சொன்னவனுக்கு இது தெரியலயா?"

"கண்ணு மங்கலா இருக்குதுங்க. வேற யாராச்சும்... நான் தப்பாச் சொல்லியிருப்பேனுங்க."

செங்கோடன் சிரித்தானாம். "நீ தப்பாச் சொன்னதே இல்லையே ரங்கா. மூணு நாளா நொண்டறது யாருன்னு ஊருக்கே தெரியும். அப்பனே புட்டுப் புட்டு வெச்சுட்டான். கெட்டிக்காரன்."

கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்களாம். அப்போது பண்ணாடி வீட்டு வாசலிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"நாந்தான் குடுத்தேனுங்கய்யா. கால் சுட்டு அழுதா. நாந்தான் போட்டுக்கிட்டுப் போன்னு சொன்னேன்."

தெய்வானை. சொல்லி முடிப்பதற்குள் அவள் அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டாளாம். கேட்டவர்கள் யாரும் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

ரங்கான் மண்ணில் விழுந்து கும்பிட்டார். "நான் நடக்கறேனுங்க சாமி. ஏழு தரம் நடக்கறேன். புள்ளை கால் புண்ணுங்க. என்ற வாய்தானுங்க சொல்லுச்சு, என்னைய நடக்க வையுங்க."

பண்ணாடி எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாராம், "போட்ட காலுதான் நடக்கோணும்."

ரங்கான் வீட்டுக்கு வந்தார். சேதி அவருக்கு முன்னாலேயே வந்திருந்தது. நாச்சாயி மூலையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளச்சி அப்பாவின் முகத்தைப் பார்த்தாளாம். அழவில்லையாம்.

"தெய்வானை செருப்பை எல்லைப் பாறைக்குப் பின்னால வேலியில வெக்கச் சொன்னா. வெச்சுட்டேன். யாரும் பாக்கல. உங்களுக்கு மட்டும் எப்படிப்பா தெரிஞ்சுது?"

"உன்ற காலு எனக்குத் தெரியாதா அம்மிணி."

"தெரிஞ்சும் ஏப்பா சொன்னீங்க?"



மறுநாள் உச்சி. காற்று இல்லை, மேகம் இல்லை. மேலத்தெரு இரண்டு பக்கமும் நிழலில் நின்றது. கீழத்தெரு எல்லைப் பாறைக்கு அப்பால் நின்றது. வெள்ளச்சி தலையில் அந்தச் சின்னச் செருப்பு. தெரு முனையில் கடைசி நிழலில் அவள் நிற்கிறாள். அவள் முன்னால் ரங்கான் நிற்கிறார்.

"ம்" என்றானாம் செங்கோடன்.

ரங்கான் குந்தினார். வெயிலுக்குள் இரண்டு கையையும் நீட்டி, புறங்கை மண்ணில் பட, உள்ளங்கை மேலே பார்க்க, வைத்தார்.

"மிதி அம்மிணி."

அவள் மிதிக்கவில்லை.

செங்கோடன் கத்தினான், "டேய், இது ஆகாது. கையை எடு."

ரங்கான் நிமிர்ந்து பார்த்தாராம். மேலத்தெருவை அவர் நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான். குரலை உயர்த்தவில்லை.

"செருப்புப் போடக் கூடாதுன்னு சொன்னீங்க, போடல. ஓடக் கூடாதுன்னு சொன்னீங்க, ஓட மாட்டா. வெறுங்கால்தானுங்க சாமி, நல்லாப் பாத்துக்கோங்க. இது செருப்பு இல்ல. என்ற கை."

செங்கோடன் பண்ணாடியைப் பார்த்தான். பண்ணாடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மிதி அம்மிணி. அப்பன் கை காஞ்சு போன தோலு. ஒண்ணும் ஆகாது. மிதி சாமி."

அவள் இடது காலை வைத்தாள். பிறகு வலது காலை வைத்தாள். மூன்று நாளாகத் தரையில் பதியாத அந்தக் குதி, அவர் உள்ளங்கையில் முழுசாகப் பதிந்ததாம். முப்பது வருசம் மண்ணில் மட்டுமே கால்களைப் பார்த்தவர். தெருவில், ஊர் பார்க்க, ஒரு கால் அவர் கையில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"ம்."

ஒரு கையை உருவிப் பின்னால் வைப்பார். அவள் எட்டு வைப்பாள். மறுபடி நிற்பார்கள்.

"ம்."

அடுத்த கை. அடுத்த கால். அவர் குந்தியபடியே பின்னால் பின்னால் நகர்ந்தார், அவள் முன்னால் முன்னால் வந்தாள். அவள் கண்ணீர் அவர் தோளில் விழுந்ததாம். சாத்திய கதவுக்குப் பின்னால் தெய்வானை உள்ளிருந்து தட்டிக்கொண்டே இருந்தாளாம். அந்தத் தட்டலும் செங்கோடனின் 'ம்'மும் தவிர வேறு சத்தம் இல்லை.

முதலில் அவன் ஒவ்வொரு 'ம்'முக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னான். ஐம்பது எட்டுக்குப் பிறகு சீக்கிரம் சீக்கிரமாகச் சொன்னான். எண்பதுக்குப் பிறகு அவன் குரலே வரவில்லையாம். தலையை மட்டும் ஆட்டினானாம். தலையாட்டலுக்குக் காத்திருந்து ரங்கான் கையை எடுத்து வைத்தார். ஓடக் கூடாது என்று சொன்னார்கள் அல்லவா? அவர் ஓடவில்லை.

நூற்றுப் பத்து எட்டு.

எல்லைப் பாறையில் நாச்சாயி மகளை வாரித் தூக்கிக்கொண்டாள். மகளின் காலில் ஒரு கொப்புளம் இல்லை. ரங்கானின் கையை யாரும் பார்க்க முடியவில்லையாம். புறங்கையில் தோல் இல்லை. அது தெருவோடு போய்விட்டது.

புண் ஆற மூன்று மாசம் ஆனது. ஆறியது, ஆனால் விரல் மடங்கவில்லை. குத்தூசி நிற்கவில்லை, நூல் நிற்கவில்லை, சோற்றுருண்டைகூட நிற்கவில்லை. அடுத்த சித்திரை வருவதற்குள் மேலத்தெருச் செருப்புகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. சந்தையில் வாங்கிப் போட்டார்கள். எல்லாருக்கும் கடித்ததாம். பெரிய பண்ணாடி ஒரு வாரம் நொண்டினார் என்று கீழத்தெருவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ரங்கான் மட்டும் அதற்குச் சிரிக்கவில்லை.

ஏன் என்றால், அவர் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

அந்த நடைக்கு மறுநாள் காலையில் வெள்ளச்சி ஆட்டுக்குப் புறப்பட்டாளாம். கையில் ஒரு கொத்து ஆவாரந்தழை. வாசலைத் தாண்டியதும் குனிந்து, தன் காலடியைத் தானே கூட்டி அழித்தாள். ஓர் எட்டு வைப்பாள், பின்னால் ஒரு வீச்சு வீசுவாள். ஓர் எட்டு, ஒரு வீச்சு. ரங்கான் வாசலில் நின்று பார்த்தார். மகள் போன தடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் மண், வரிவரியாக.

அன்றைக்கு மட்டும் இல்லை. மறுநாளும் அப்படித்தான், மறுவருசமும் அப்படித்தான். கோபம் என்று நினைக்காதீர்கள். கை மடங்காத அப்பாவுக்கு மூன்று வேளையும் அவள்தான் சோறு ஊட்டினாள். முதுகு தேய்த்துவிட்டாள், வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். எல்லாம் செய்தாள். தன் காலடியை மட்டும் அவர் கண்ணுக்குக் கொடுக்கவில்லை.

ரங்கானும் அதற்குப் பிறகு மண்ணைப் பார்க்கவில்லையாம். யார் கூப்பிட்டும் தடம் பார்க்கப் போகவில்லை. முகத்தைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டே நடப்பார். கல்லில் இடறுவார், குழியில் விழுவார். "கீழத்தெருக்காரனுக்குத் தலை நிமிர்ந்து போச்சு பாரு" என்று மேலத்தெருவில் அதற்கும் ஒரு பேச்சு வந்ததாம்.

வெள்ளச்சி வளர்ந்தாள். கீழத்தெருவிலேயே கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போதுகூட, ஒரு கையில் பூச்சரம், ஒரு கையில் ஆவாரங்கொத்து. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு நாள் சோறு ஊட்டும்போது ரங்கான் கேட்டாராம்.

"அம்மிணி, இன்னும் எதுக்குச் சாமி கூட்டிக்கிட்டே போற? நான் பாக்கறதில்லையே."

"தெரியுமுங்கப்பா" என்றாளாம். வாயைத் துடைத்துவிட்டு, "பழகிப் போச்சு" என்றாளாம்.



ரங்கான் செத்தது ஒரு சித்திரையில்தான். முதல் நாள் கோடைமழை பெய்து, மண் அவர் முறத்து வண்டல் மாதிரி மட்டமாக, ஈரமாக இருந்ததாம். கீழத்தெருப் பிணம் மேலத்தெரு வழியாகப் போகக் கூடாது. பாறைக்குழித் தடத்தில்தான் போக வேண்டும். பாடை கட்டித் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும், அதுதான் வழக்கம். வெள்ளச்சி நிற்கவில்லை. பாடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

ரங்கானின் தம்பிக்காரர் தடுத்தார். "பொம்பளைங்க வரக் கூடாது அம்மிணி. பின்னால போ."

"நான் எடுகாட்டுக்கு வரலீங்க சித்தப்பா. நடக்கறேன். அப்பன் பாக்கட்டும்."

கையைத் திறந்தாளாம். ஆவாரங்கொத்து கீழே விழுந்தது.

அவள் நடந்தாள். எட்டி எட்டி வைக்கிற பழைய நடை. இடது கால் பூராப் பதிந்தது. வலது கால் குதியோடு பதிந்தது. இருபது வருசமாக அந்த ஊர் மண்ணில் இல்லாத காலடி, ஒன்றன்பின் ஒன்றாக, ஈர மண்ணில், பாறைக்குழியைச் சுற்றி இடுகாடு வரைக்கும். பாடை தூக்கியவர்கள் தடத்தை மிதிக்காமல், கால்களை இரண்டு பக்கமும் அகட்டி அகட்டி வைத்து நடந்தார்களாம். நடுவில் அவள் காலடி. அதன் மேலே அவர் போனார்.

மூன்று நாள் காற்று வீசவில்லை என்கிறார்கள்.

இப்போது மேலத்தெருவில் யார் வேண்டுமானாலும் செருப்புப் போட்டு நடக்கலாம். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ பாடுபட்டு வந்த வழி அது. தெருமுனையில் பஞ்சாயத்துப் பலகையில் 'மேற்கு வீதி' என்று எழுதியிருக்கும். கீழத்தெருவில் கேட்டால் அந்தப் பேர் யாருக்கும் தெரியாது. 'புறங்கை வீதி' என்று கேளுங்கள், சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். மேலத்தெருக்காரர்கள் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார்கள். மகளுக்கு நோய் வந்து ரங்கான் வேண்டுதல் செய்தாராம், அதற்காகக் கையை வைத்து நடந்தாராம். அப்படி ஒரு கதை. தெய்வானை கல்யாணமாகி வெளியூர் போகிற வரைக்கும் செருப்பே போடவில்லை என்று நம் பக்கம் சொல்கிறோம். அதையும் அவர்கள் இல்லை என்கிறார்கள். இருக்கட்டும்.

ஆனால் கீழத்தெருவில் ஒரு தகப்பன் செத்தால், இன்றைக்கும் பாடைக்கு முன்னால் மகள்தான் வெறுங்காலோடு நடக்கிறாள். வெயில் காலமானால் பாறைக்குழித் தடத்தில் முன்கூட்டியே குடம் குடமாகத் தண்ணீர் தெளித்து வைக்கிறார்கள், தடம் நன்றாக விழ. தூக்குகிறவர்கள் கால்களை அகட்டித்தான் வைக்கிறார்கள். காற்று வந்து அழிக்கிற வரைக்கும் அந்தத் தடத்தை யாரும் கூட்டுவதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் எதற்கு இப்படி என்று கேட்பார்கள். கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்.

அப்பன் பாக்கட்டும்.